வாகனமும் கௌரவமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் திருவீதிக்கு எழுந்தருளும் உத்ஸவ காலங்களில் அடியார்கள் கண்டு அநுபவிப்பன பல. அவற்றுள் வாகன ஸேவை தலையாயது. ஒரு நாள் ஹம்ஸம், ஒரு நாள் சேஷன், ஒரு நாள் ஹநுமான், ஒரு நாள் கருடன், பின்னர் யானை, குதிரை, முடிவில் திருத்தேர் என்று நாளுக்கொரு வாகனத்தில் பெருமான் உலா வருகின்றான். அங்குக் கூடிய பல்லாயிரவரில் ஒருவரும், "இத்தனை வாகனங்களை உடையவன், ஆகவே இவன் பெரியவன்" என்று கருதுவதில்லை. "இவன் ஏறியருளினான், ஆகவே இவ்வாகனம் பெரியது" என்றே கருதிக் கைகூப்புகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையே உள்ள பேதமே இக்கட்டுரையின் பொருள்.

லோகத்தில் காணும் வழக்கம் இதற்கு நேர்மாறானது. ஒருவன் வந்து இறங்கும் வாகனத்தைக் கொண்டு அவனுடைய தராதரத்தை நிர்ணயிப்பது எக்காலத்தும் உள்ளது. முன்பு பல்லக்கிலும் குதிரை வண்டியிலும் நிகழ்ந்தது இன்று மோட்டார் காரில் நிகழ்கின்றது. மோட்டார் கார்களுள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டி இவ்விஷயத்தில் உச்சியில் நிற்கின்றது. ஆகையால் அதனையே உதாஹரணமாக வைத்துக்கொண்டு, உடைமையால் வரும் மதிப்பு உடையவனைச் சேருமா என்பதையும், பிறருடைய எண்ணத்தை மனிதன் எவ்வளவு தூரம் பொருட்படுத்தலாம் என்பதையும் விசாரிப்பது தகும்.

விரைவு வண்டியின் இலக்கணம்

இவ்வண்டிகள் பிறக்கும் இடங்களில் பெயர் பெற்றவை இரண்டு. இத்தாலி தேசத்தில் மோடனா நகரைச் சுற்றியுள்ள பிரதேசம் ஒன்று. பெராரி, லம்போர்கினி, மஸராட்டி முதலியன அங்குள்ளவை. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரம் மற்றொன்று. போர்ஷே நிறுவனம் அங்குள்ளது.

விரைவு வண்டியில் பெரும்பாலும் இருவரே அமரலாம். தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும். முதியோர் ஏறி இறங்குவது கடினம். மூட்டை முடிச்சுகளுக்கு இடம் அரிது. குடும்பத்தோடு யாத்திரை செல்ல உதவாது. ஆனால் அதன் எஞ்சினின் பலமோ அளவிறந்தது. 1987-ல் வெளிவந்த பெராரி எப் 40 என்னும் வண்டி மணிக்கு 324 கிலோமீட்டர் வேகம் செல்லும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வண்டியைச் செய்த இத்தாலியிலேயே நெடுஞ்சாலைகளில் செல்லத்தக்க உயர்ந்த வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். ஆகவே அதன் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்டது பிறந்த தேசத்துச் சாலையிலேயே சட்டப்படி பயன்படுத்த இயலாதது. பந்தயத் திடலுக்குக் கொண்டுசென்று ஓட்டுவோர் சிலர் உண்டு. ஏனையோர் விலை கொடுத்து வாங்குவது வேகத்தை மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

வேறு எதனை வாங்குகின்றனர்? அரியது என்னும் பெயரை வாங்குகின்றனர். 2023-ஆம் ஆண்டில் உலகம் முழுவதற்குமாகப் பெராரி நிறுவனம் அனுப்பிய வண்டிகள் 13,663 மட்டுமே. விரும்புவோர் பலராகவும் பெறுவோர் சிலராகவும் இருக்கும்படி அளந்து செய்வது அத்தொழிலின் முறை. பிறருக்குக் கிட்டாதது என்பதும் அதன் விலையில் ஒரு பகுதியாகின்றது.

மேல்நாட்டு ஆராய்ச்சியாளரும் இதனை உணராமல் இல்லை. ஸ்காட்லாந்து தேசத்து ஆடம் ஸ்மித் 1759-ல் மனிதனுடைய ஒழுக்க உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில், செல்வன் தன் செல்வத்தில் மகிழ்வதற்குப் பெருங்காரணம் அது உலகத்தாருடைய கண்களைத் தன்பால் திருப்புவதே என்று ஆராய்ந்தார். அமெரிக்க அறிஞர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-ல் வெளியிட்ட நூலில், பிறர் காண வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் செலவு என்று ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். மோட்டார் கார் பரவுவதற்கு முன்னரே எழுதப்பட்ட நூல்கள் இவை. வண்டி புதிது, வியாதி பழையது.

குதிரையும் காளையும்

பெராரி வண்டியின் சின்னம் பாய்ந்தெழும் கறுப்புக் குதிரை. அதனைக் கண்டவுடன் செல்வமும் செருக்கும் நினைவுக்கு வருகின்றன. அச்சின்னத்தின் பூர்வ கதையோ வேறு விதமானது. முதல் உலக யுத்தத்தில் பிரான்செஸ்கோ பராக்கா என்னும் இத்தாலிய விமான வீரர் தம் விமானத்தில் அக்குதிரையைத் தீட்டியிருந்தார். அவர் 1918-ல் யுத்தத்தில் மாண்டார். 1923-ல் என்ஸோ பெராரி என்ற இளைஞர் ஒரு மோட்டார்ப் பந்தயத்தில் வென்றார். அதனையொட்டி அவர் அவ்வீரருடைய பெற்றோரைச் சந்திக்க நேர்ந்தது. மகனை இழந்த தாய், "என் மகனுடைய குதிரையை உம் வண்டியில் வைத்துக்கொள்ளும், நன்மை உண்டாகும்" என்ற கருத்துப்படக் கூறியதாகப் பெராரி பின்னர்ச் சொன்னார். அவர் தம் பெயரால் வண்டி செய்யத் தொடங்கியது 1947-ல். 1956-ல் அவருடைய சொந்த மகன் டீனோ 24-ஆம் வயதில் நோயினால் மறைந்தான். புத்ர சோகத்தில் பிறந்த சின்னம் புத்ர சோகம் உற்றவருடைய வண்டியிலேயே நிலைபெற்றது. இன்று அதனைக் கண்டு ஏங்குவோரும், அதனை உடைமையாக்கி மகிழ்வோரும் இதனை எண்ணுவது அரிது.

லம்போர்கினி வண்டியின் சின்னம் காளை. அந்நிறுவனத்தை ஏற்படுத்திய பெருச்சியோ லம்போர்கினி 1916-ல் உழவர் குடியில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ராணுவத்தார் கழித்துவிட்ட வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு உழவுக்கான டிராக்டர்களைச் செய்து பெருஞ்செல்வர் ஆனார். செல்வம் வந்தவுடன் பெராரி வண்டிகளையும் வாங்கினார். அவற்றின் கிளட்ச் அடிக்கடி பழுதாயிற்று. அதனைப் பெராரியிடம் முறையிட்டபோது, டிராக்டர் ஓட்டத் தெரிந்தவருக்கு இவ்வண்டி ஓட்டத் தெரியாது என்ற பாவனையில் விடை கிடைத்ததாக லம்போர்கினியே பிற்காலத்தில் கூறியதுண்டு. அவர் 1963-ல் தாமே விரைவு வண்டித் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். பிறந்த ராசி ரிஷபமாதலின் காளையைச் சின்னமாகக் கொண்டார். சில ஆண்டுகளுக்குள் உலகம் வியக்கும் வண்டிகளையும் செய்தார்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. விலை கொடுத்து அவர் வண்டியைப் பெற்றார். ஆனால் மதிப்பைப் பெறவில்லை. எவருடைய மதிப்பு அவ்விஷயத்தில் உயர்ந்ததோ, அவருடைய கண்ணுக்கு அவர் பழைய டிராக்டர்க்காரராகவே தோன்றினார். வண்டி உடைமையாயிற்று, பிறருடைய எண்ணம் உடைமையாகவில்லை. அது எவருக்கும் ஆவதில்லை. 1970-களில் அவர் தொழிற்சாலையைப் பிறருக்கு விற்றுவிட்டு, டிராஸிமெனோ என்னும் ஏரிக்கு அருகில் நிலம் கொண்டு திராட்சை பயிரிட்டு வாழ்ந்து 1993-ல் காலமானார். எந்த மண்ணைச் சொல்லி இகழப்பட்டாரோ அந்த மண்ணிலேயே மன அமைதியைத் தேடினார் என்று கொள்வதில் பிழையில்லை.

பூர்வபக்ஷம்

இனி, வண்டி உடையவன் சார்பில் சொல்லத்தக்கவற்றையும் நியாயமாகக் கேட்க வேண்டும். எதிர்வாதத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது சாஸ்த்ர மரபன்று.

முதலாவது: "நேர்மையாக ஈட்டிய பொருளைக் கொண்டு ஒருவன் வண்டி வாங்குகின்றான். அதனால் தொழிலாளர் பலர் கூலி பெறுகின்றனர். பிறர் பொருளை அபஹரிக்காதவரையில் இதில் தோஷம் யாது?"

இரண்டாவது: "அவ்வண்டி கண்ணுக்கு இனிய சிற்பம். கோயில் தூணைச் செதுக்கியவனைப் புகழ்பவர், இரும்பையும் அலுமினியத்தையும் இவ்வாறு வளைத்தவனை ஏன் புகழலாகாது?"

மூன்றாவது: "உலகம் வாகனத்தைப் பார்த்தே ஆசனம் அளிக்கின்றது. நடந்து வந்தவனை வாயிலில் நிறுத்துகின்றது; காரில் வந்தவனை எதிர்கொண்டு அழைக்கின்றது. உலகின் இயல்பு இவ்வாறிருக்க, அதற்கு ஏற்ப நடந்துகொள்பவனைக் குறை கூறுவானேன்?"

இவற்றுள் முதலிரண்டும் பெரும்பாலும் ஏற்கத்தக்கவை. பொருளை நல்வழியில் ஈட்டுவதை சாஸ்த்ரம் தடுக்கவில்லை. அதில் தான தர்மங்களுக்கு உரிய பகுதி உண்டு என்று மட்டும் விதிக்கின்றது. அழகும் இகழத்தக்கதன்று. எங்கெங்கு மேன்மையும் பொலிவும் வலிமையும் காணப்படுகின்றனவோ, அங்கெல்லாம் தன் தேஜஸ்ஸின் ஓர் அம்சம் உள்ளது என்று கீதையின் பத்தாம் அத்யாயத்தில் கண்ணன் அருளிச்செய்தான். குதிரைகளுள் உச்சைச்ரவஸ் தானே என்றும் அங்கு அருளினான். நன்றாகச் செய்யப்பட்ட வண்டியைக் கண்டு, "மனிதனுக்கு இத்தகைய புத்தியைக் கொடுத்தவன் எவ்வளவு பெரியவன்!" என்று வியப்பது விபூதியை அநுஸந்திப்பதேயாகும். ஆகவே தோஷம் வண்டியில் இல்லை. மூன்றாவது வாதமே ஆராயத்தக்கது. வண்டி காரணமாக உலகம் அளிக்கும் மதிப்பு உடையவனைச் சேருகின்றதா என்பதே கேள்வி.

எஜமானன் யார்?

விசிஷ்டாத்வைத சித்தாந்தத்தில் சேஷன், சேஷி என்ற இரண்டு சொற்கள் உள்ளன. மற்றொருவருக்கு மேன்மை உண்டாக்குவதே தன் இயல்பாக இருப்பது சேஷம். அம்மேன்மையைப் பெறுபவன் சேஷி. பகவத் ராமாநுஜர் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் இந்த லக்ஷணத்தை நிர்ணயித்தார். செருப்பு காலுக்கு சேஷம், ஆடை உடலுக்கு சேஷம் என்றாற்போல, வாகனம் அதில் ஏறுபவனுக்கு சேஷமாக இருப்பதே முறை.

விரைவு வண்டியை வாங்கியவனுடைய நாளைச் சிறிது கவனிக்கலாம். மரத்தின் அடியில் அதனை நிறுத்த அஞ்சுகின்றான், பறவையின் எச்சம் விழுமே என்று. கூட்டமுள்ள தெருவுக்குள் கொண்டுசெல்ல அஞ்சுகின்றான், எவர் கையேனும் உராயுமே என்று. நண்பன் வீட்டில் உணவு உண்ணும்போதும் மனம் வாயிலில் உள்ளது. திரும்பி வந்தவுடன் முன்னும் பின்னும் சுற்றி வந்து கீறல் உண்டா என்று பார்க்கின்றான். அடுத்த ஆண்டு புதிய வண்டி வெளிவந்தால், நேற்று வரை ஆனந்தம் அளித்தது இன்று குறையாகத் தோன்றுகின்றது. இந்நிலையில் எவருக்கு எவர் மேன்மை உண்டாக்குகின்றனர்? வண்டியின் பொலிவுக்காக மனிதன் உழைக்கின்றான். மனிதனுடைய அமைதிக்காக வண்டி ஒன்றும் செய்வதில்லை. சேஷம் சேஷியாயிற்று, சேஷி சேஷமானான்.

இதனினும் பெரிய மாறுதல் ஒன்று உண்டு. பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காக வாங்கியவன், பார்ப்பவர் அனைவருக்கும் சேஷனாகின்றான். சாலையில் நிற்கும் அறிமுகமில்லாத சிறுவன் திரும்பிப் பார்த்தால் அவனுக்கு மகிழ்ச்சி. பாராமல் போனால் வருத்தம். தன் இன்பத்தின் சாவியை வழிப்போக்கர் கையில் கொடுத்துவிட்டவனைச் செல்வன் என்பதா, அடிமை என்பதா? ஒரு ஸ்வாமிக்கு அடிமைப்பட்டவனுக்குக் கைங்கர்யம் உண்டு, பலன் உண்டு. எண்ணற்ற வழிப்போக்கருக்கு அடிமைப்பட்டவனுக்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை.

வழிப்போக்கன் காண்பது வண்டியைத்தான். அதனுள் இருப்பவனுடைய முகம் அவன் நினைவில் நிற்பதில்லை. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில், 1955-ல் செய்யப்பட்ட மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். வண்டி ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்பனையாயிற்று. அவ்வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. அதுவரை வேறெந்தக் காருக்கும் அத்தகைய விலை கிடைத்ததில்லை என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அதனை வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. அத்தொகை இளைஞர்களுடைய கல்வி உதவிக்கு என்று ஒதுக்கப்பட்டது. வண்டியின் பெயரும் விலையும் உலகறிந்தன. உடையவர் பெயரை உலகம் அறியாது. அதனால் அவருக்குக் குறையும் இல்லை. வண்டியின் புகழ் வேறு, உடையவனுடைய புகழ் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான த்ருஷ்டாந்தம் வேண்டுமா?

மஹாபாரதம் இதே உண்மையை வேறு விதமாகக் காட்டுகின்றது. அர்ஜுனனுடைய தேர் தேவர்களால் அளிக்கப்பட்டது. வெண்குதிரைகள் பூட்டியது, அநுமனைக் கொடியில் உடையது. அக்காலத்தில் அதற்கு நிகரான தேர் இல்லை. யுத்தம் முடிந்த அன்று கண்ணன், முதலில் காண்டீவத்தோடு இறங்குமாறு அர்ஜுனனைப் பணித்துப் பின்னர்த் தானும் இறங்கினான். மறுகணமே தேர் தீப்பற்றிச் சாம்பலாயிற்று. துரோணரும் கர்ணனும் விட்ட அஸ்திரங்களால் அது முன்னமே வெந்துபோனது. தான் அமர்ந்திருந்ததாலேயே நிலைத்திருந்தது என்று கண்ணன் அருளினான். தேரால் அர்ஜுனன் நிற்கவில்லை. தேரே வேறொருவனால் நின்றது.

பார்ப்பவனுடைய பங்கு

குற்றம் முழுவதையும் உடையவன் தலையில் ஏற்றிவிட்டு, பார்ப்பவன் தப்பித்துக்கொள்ளலாகாது. விரைவு வண்டியைக் கண்டவுடன், "இவன் தவறான வழியில் சம்பாதித்தவனாகத்தான் இருப்பான், கர்வம் பிடித்தவன்" என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். அவ்வண்டியில் இருப்பவர் நாற்பது ஆண்டுகள் உழைத்த வைத்தியராக இருக்கலாம். சிறு வயது முதல் எஞ்சின்களின் நுட்பத்தில் உண்மையான பிரியம் கொண்டவராக இருக்கலாம். எவருக்கும் தெரியாமல் பல குழந்தைகளைப் படிக்கவைப்பவராகவும் இருக்கலாம். அவருடைய ஹ்ருதயத்தை அறிந்தவன் அந்தர்யாமி ஒருவனே. குணமுள்ள இடத்திலும் தோஷத்தைக் காண்பதற்கு அஸூயை என்று பெயர். தன்னிடம் வண்டி இல்லை என்ற தாபமே பல நேரங்களில் வைராக்ய வேஷம் பூண்டு பேசுகின்றது.

இன்னொரு வகையினர், காண்பதையெல்லாம் தாமும் பெறவேண்டும் என்று முயல்பவர். இதில் நேரும் துன்பம் சிறிதன்று. கோடி ரூபாய் வண்டியைக் கண்டவன் லக்ஷ ரூபாய் வண்டியைக் கடனில் வாங்குகின்றான். அவனைக் கண்ட அண்டை வீட்டார் தம் சக்திக்கு மிஞ்சி மோட்டார் சைக்கிள் வாங்குகின்றனர். விவாஹத்தில் பிள்ளை வீட்டார் வாகனம் கேட்கின்றனர். பெண்ணைப் பெற்றவர் நிலத்தை விற்கின்றார். மாதந்தோறும் தவணை கட்டும் வீட்டில் முதியோருடைய மருந்தும் பிள்ளைகளுடைய படிப்பும் பின்தள்ளப்படுகின்றன. பெரியோர் எதனைச் செய்கின்றனரோ அதனையே உலகம் பின்பற்றும் என்று கீதையின் மூன்றாம் அத்யாயம் எச்சரிக்கின்றது. செல்வனுக்கு அவ்வண்டி விளையாட்டாக இருக்கலாம். அவனைப் பார்த்து நடக்கும் எளியவனுக்கு அது வினையாக முடிகின்றது. தான் தர்மப்படி ஈட்டியதே ஆயினும் ஆரவாரத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று பெரியோர் சொல்வது இதனாலேயே.

"காரே இல்லாத யாத்ரிகர்களுக்கு இவ்விசாரம் எதற்கு?" என்று கேட்கலாம். அளவு மாறுமேயன்றி ரோகம் ஒன்றே. கழுத்து நகையிலும் புடவைக் கரையிலும் அது உண்டு. ஸந்நிதிக்குள்ளும் இந்நோய் நுழைவதுண்டு. முதல் தீர்த்தம் தனக்கா பிறருக்கா, பரிவட்டம் முதலில் எவருக்கு என்ற வழக்கு, சடாரியைச் சிரசில் ஏற்றும் க்ஷணத்திலும் மனத்தைக் கலக்குகின்றது. தாஸத்வத்தின் சின்னமான திருவடி நிலையைப் பெறுவதிலேயே முதன்மை கோருவது எவ்வளவு விந்தை! இது உபயக்காரருக்கும் உண்டு, கைங்கர்யபரருக்கும் உண்டு.

பழிச்சொல்லும் புகழ்ச்சொல்லும்

அப்படியானால் பிறர் எண்ணத்தை முற்றிலும் தள்ளிவிடலாமா? இங்கு ஒரு ஸந்தேஹம் எழுகின்றது. கீதையின் இரண்டாம் அத்யாயத்தில் கண்ணனே அர்ஜுனனை நோக்கி, மதிப்புப் பெற்றவனுக்கு வரும் பழி மரணத்தினும் கொடியது என்ற கருத்தை எடுத்துரைத்தான். பன்னிரண்டாம் அத்யாயத்திலோ மானத்தையும் அவமானத்தையும் ஸமமாகக் கருதுபவனே தனக்குப் பிரியமானவன் என்றான். ஒரே வாக்கில் விரோதம் உண்டோ?

இல்லை. இரண்டும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றியவை. முதலில் பேசப்பட்டது அநுஷ்டானத்தைப் பற்றிய பழி. கடமையை விட்டு ஓடினான் என்று உலகம் சொல்லுமானால், அதனைக் கேட்டு நாணுவது தகும். அந்த நாணம் தர்மத்திற்குக் காவல். பின்னர் பேசப்பட்டது தன்னை உயர்த்தியோ தாழ்த்தியோ பேசும் பேச்சினால் மனம் அசையாத நிலை. ஒருவன் பொய் சொன்னான், வாங்கிய கடனைத் திருப்பவில்லை, பெற்றோரைக் கைவிட்டான் என்று பிறர் சொன்னால் அதனைப் பொருட்படுத்தவேண்டும். அவனுடைய வண்டி சிறியது, பழையது, இவ்வாண்டு வந்ததன்று என்று சொன்னால் பொருட்படுத்தவேண்டுவதில்லை. நடத்தையைப் பற்றிய உலகோர் சொல் கண்ணாடி போன்றது. முகத்தில் உள்ள அழுக்கைக் காட்டும். உடைமையைப் பற்றிய உலகோர் சொல் காற்றுப் போன்றது; திசை மாறும். இன்றைய விந்தை வண்டி சில ஆண்டுகளில் பழைய இரும்பு என்று பேசப்படுவதே இதற்குச் சான்று.

துரதிருஷ்டவசமாக உலகம் இதனைத் தலைகீழாக மாற்றி வைத்துள்ளது. நடத்தையைப் பற்றிப் பிறர் சொன்னால், "அவர்களுக்கு என்ன?" என்கின்றனர். வண்டியைப் பற்றிச் சொன்னால் இரவு முழுதும் உறங்குவதில்லை.

தன்னைத் தானே சோதித்துக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். எவரும் காணாத தீவில் வாழ்ந்தாலும் இப்பொருளை விரும்புவேனா என்பது ஒன்று. இது பழுதுபட்டு, பேருந்தில் செல்லும் நாளிலும் நிமிர்ந்து நடப்பேனா என்பது இரண்டு. இதனினும் சிறந்ததைப் பிறரிடம் காணும்போது மகிழ்வேனா என்பது மூன்று. மூன்றுக்கும் ஆம் என்று நெஞ்சறியச் சொல்லக்கூடியவன் எந்த வாகனத்தை வைத்திருந்தாலும் குற்றமில்லை. சொல்ல இயலாதவன் மாட்டு வண்டி வைத்திருந்தாலும் ஆபத்தே.

முன்னோர் நடந்து காட்டியது

புஷ்பக விமானம் குபேரனுக்கு உரியது. ராவணன் அதனைத் தமையனிடமிருந்து பறித்துக்கொண்டான். அது அவனுடைய வெற்றிக்கு அடையாளமாக லங்கையில் நின்றது. லங்கையை வென்றபின் அவ்விமானம் ஸ்ரீராமபிரானுடைய கைக்கு வந்தது. பரதனைக் குறித்த நாளில் காணவேண்டும் என்ற அவசரத்தினால் பெருமாள் அதில் ஏறி மீண்டார். நந்திக்ராமத்தில் இறங்கியவுடன் செய்த காரியம், அதனைக் குபேரனிடமே திரும்பச் செல்லுமாறு பணித்தது. அயோத்தி நகரத்தார் அனைவரும் காண விமானத்தில் வந்து இறங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஆயினும் காரியம் முடிந்தது, உரியவனிடம் சேர்த்தார். ஒரே வாகனம், ராவணனுக்கு அது கௌரவம், ராமனுக்கு அது உபகரணம்.

ஆசார்ய பரம்பரையில் கூரத்தாழ்வானுடைய சரிதம் இதற்கு மற்றொரு விளக்கம். காஞ்சிக்கு அருகில் கூரம் என்னும் ஊரில் அவர் பெருஞ்செல்வராக வாழ்ந்தார். நாள் முழுதும் அன்னதானம் நிகழ்ந்து, இரவில் திருமாளிகையின் பெருங்கதவுகளைச் சாத்தும் ஓசை காஞ்சி வரை கேட்குமாம். ஒருநாள் பெருந்தேவித் தாயார், இது என்ன ஓசை என்று வினவியருளியதாக குருபரம்பரை கூறும். இச்செய்தி எட்டியபோது வேறு ஒருவராயின், "என் வீட்டு ஓசை தாயார் திருச்செவி வரை எட்டியதே!" என்று பூரித்திருப்பார். கூரத்தாழ்வானோ, தம் செல்வத்தின் ஆரவாரம் ஸந்நிதி வரை சென்றதே என்று நடுங்கினார். அனைத்தையும் துறந்து உடையவர் திருவடியை நாடித் திருவரங்கம் புறப்பட்டார். வழியில் தேவியார், இக்காட்டில் பயம் உண்டோ என்று கேட்டார். மடியில் கனம் உண்டோ என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்காக ஒரு பொன் வட்டிலை மட்டும் கொணர்ந்ததாக அம்மையார் கூற, அதனையும் வாங்கி எறிந்துவிட்டு, இனி அச்சம் இல்லை என்றார்.

விரைவு வண்டிகளைச் செய்வோர் அவற்றின் எஞ்சின் ஓசையையும் ஒரு லக்ஷணமாகக் கருதி அமைக்கின்றனர். தெருவே திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதே அவ்வோசையை விரும்புவோர் பலருடைய ஆசை. அதே போன்ற ஓசை ஒரு மஹானுக்கு லஜ்ஜையைத் தந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. அனைவரும் அனைத்தையும் துறக்கவேண்டும் என்பது இதன் தாத்பர்யம் அன்று. கொடுக்கும் கை இருந்தும், கொடுப்பதன் ஓசையைக் கூட அவர் விரும்பவில்லை என்பதே அறியத்தக்கது.

வாகனமாவதே பெருமை

முடிவாக, வாகனம் என்ற சொல்லுக்கு ஸம்ப்ரதாயத்தில் உள்ள பொருளை நோக்கவேண்டும். எம்பெருமானைச் சுமக்கும் கருடனுக்குப் பெரிய திருவடி என்றும், அநுமனுக்குச் சிறிய திருவடி என்றும் பெயர். சுமந்ததனாலேயே அவர்கள் தொழத்தக்கவர் ஆயினர். எம்பெருமானும் அவ்வாறே செய்து காட்டினான். ஸர்வலோக ஸ்வாமி பாரதப் போரில் தேரின் உடையவனாக அமரவில்லை. சாரதியாக முன்னே அமர்ந்து கடிவாளம் பற்றினான். திருவல்லிக்கேணியில் பார்த்தஸாரதிப் பெருமாளுடைய உத்ஸவர் திருமுகத்தில் உள்ள வடுக்கள், பின்னே இருந்தவனுக்காகப் பீஷ்மருடைய அம்புகளைத் தான் ஏற்ற தழும்புகள் என்று பெரியோர் அநுஸந்திப்பர்.

திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனை நினைந்து பாடிய பாணர். அக்காலத்து உலகம் அவரைத் தாழ்ந்தவர் என்று எண்ணியது; ஆலயத்திற்குள் விடவில்லை. தீர்த்தம் கொணர வந்த லோகஸாரங்க முனிவர், வழியில் மெய்ம்மறந்து நின்ற அவரை விலகச் சொல்லி, விலகாதது கண்டு கல்லால் எறிந்தார். அன்றிரவு அரங்கன் முனிவருக்குக் கட்டளையிட்டான்: அவரைத் தோளில் சுமந்து ஸந்நிதிக்குக் கொண்டுவருக என்று. பாணர் தயங்கினார், முனிவர் விடவில்லை. உலகத்தாருடைய மதிப்பு அனைத்தும் ஒருபுறம் இருக்க, எறிந்த தோளே ஏறும் வாகனமாயிற்று. முனிவாஹனர் என்று ஆழ்வாருக்குத் திருநாமம் வந்தது. அன்று கௌரவத்தை இழந்தவர் போல் தோன்றிய முனிவரையும் வைஷ்ணவ உலகம் இன்றும் நினைப்பது, அவர் சுமந்த காரணத்தினாலேயே. பிறர் எண்ணம் என்பது எவ்வளவு தவறக்கூடியது என்பதையும், அத்தவறு எவ்வாறு திருத்தப்படும் என்பதையும் இதனினும் தெளிவாகக் கூறும் சரிதம் வேறில்லை.

திருத்தேர் நாளன்று வீதியில் இவ்வுண்மை ப்ரத்யக்ஷமாகக் காணலாம். ஊர் எல்லையில் வாகனங்கள் அனைத்தும் நிறுத்தப்படுகின்றன. விலையுயர்ந்த காரில் வந்தவரும், பேருந்தில் தொங்கி வந்தவரும், முந்தின இரவு முழுவதும் நடந்து வந்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரே வடத்தைப் பற்றுகின்றனர். பக்கத்தில் இழுப்பவர் எதில் வந்தார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. கைகள் வடத்தில், கண்கள் பெருமான்பால். மணிக்கு 324 கிலோமீட்டர் செல்லும் வண்டி இருவரைச் சுமக்கின்றது. நாள் முழுதும் நான்கு வீதிகளைச் சுற்றும் இத்தேரோ ஊர் முழுவதையும் ஒன்றாக்கி இழுத்துச் செல்கின்றது. அவ்வேளையில் மனத்தில் தோன்றும் அமைதியை அடியார்கள் நன்கு கவனித்துக்கொள்ளவேண்டும். பிறர் எண்ணம் என்ற பாரம் இறங்கிய மனம் அவ்வாறே இருக்கும்.

தேர் நிலைக்கு வந்தபின் ஒவ்வொருவரும் தத்தம் வாகனத்திற்குத் திரும்பத்தான் வேண்டும். சிறிதோ பெரிதோ, அது காலுக்குச் செருப்புப் போல் சேஷமாகவே இருக்கட்டும். வழியில் நடக்க இயலாத முதியவர் ஒருவரைக் கண்டால், பக்கத்து ஆசனத்தை அவருக்குக் கொடுத்துச் சிறிது தூரம் சுமந்து செல்லட்டும். அன்றே அந்த வாகனத்திற்கும் அதனை உடையவனுக்கும் உண்மையான கௌரவம் வந்து சேரும்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.

சுபம்.